தோல் ஜாக்கெட்டை வெட்டிய பிறகு

லா சப்பல், பாரிஸ்
14 ஜனவரி 2024

சாம்பவியின் அப்பாவுக்கு,

சிறையிலிருந்து நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் இரண்டையும் பிரிக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தேன். மூன்றாவதைச் சாம்பவி பிரித்துவிட்டாள். பதினைந்து வயதாகியும் தமிழ் எழுத்து வாசிக்க வராது என்பதால் என்னிடம்தான் கொண்டு வந்தாள். அவளுக்காக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அங்கே முற்றத்தில் நடக்கும்போது குளிர்கிறது, தோல் ஜாக்கெட்டை அனுப்பும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அனுப்ப முடியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதை நான் வெட்டிவிட்டேன்.

உங்களைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போன மூன்றாம் நாள். தையல் கடையில் துணி வெட்டுகிற என் பெரிய கத்தரிக்கோலால் வெட்டினேன். துணியைத் தவிர வேறெதையும் அதால் வெட்டாதவள் நான், உங்களுக்குத் தெரியும். முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு முதுகு. கத்தரிக்கோலின் வாய் மழுங்கிப் போய்விட்டது.

வண்டியில் ஆளை இடித்ததற்காக வெட்டினேன் என்று நினைக்காதீர்கள். மழையில் யாருக்கும் நடக்கலாம். லைசென்ஸைப் பறித்து எட்டு மாதம் ஆகியும் என்னிடம் மறைத்து, ஒவ்வொரு நாளும் நீங்கள் வேலை செய்த கடையின் வண்டியை ஓட்டியிருக்கிறீர்கள். ஒக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமை லெ பிளாங்-மெனிலில் ஒரு மனிதரை ரோட்டில் விழுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவி, இடியப்பம் சாப்பிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் சொதி கேட்டீர்கள். நான் ஊற்றினேன். மறுநாள் காலையில் கதவைத் தட்டிய பொலிஸ்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

துண்டுகளை எறியவில்லை. ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். டிசம்பரில் சாம்பவி அதைக் கண்டுவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். ஒரு துண்டை மணிக்கட்டில் சுற்றிப் பார்த்து, "அம்மா, இதில கூரா ஆணி வைச்சுக் கைப்பட்டி செய்து தருவீங்களோ?" என்று கேட்டாள். பிரெஞ்சில்தான் கேட்டாள். ஆனாலும் ஒக்டோபருக்குப் பிறகு என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

சென் பியேர் துணிச்சந்தைப் பக்கம் போய் ஒரு பெட்டி உலோகக் குமிழ் வாங்கி வந்தேன். பின்பக்கம் திருகாணி போட்டு இறுக்குகிற வகை. காய்கறி வெட்டும் பலகையில் தோலை வைத்துத் துளை போட்டேன். கட்டி முடித்த அன்றைக்கே தோல் இழுபட்டு, துளை பெருத்து, குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஜாக்கெட் தோல் மெல்லியது போலும்.

பஞ்சு வைத்த ஜாக்கெட் ஒன்று அனுப்புகிறேன். பார்க்க வரமாட்டேன். கேட்காதீர்கள்.

மிருணாளினி


25 ஜனவரி 2024

மிருணாளினிக்கு,

உமது கையெழுத்தைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிரிக்கவே பயமாக இருந்தது. ஜாக்கெட் செய்தியை வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை. 2006இல் முதல் சம்பளத்தில் கிளிஞோங்கூர் சந்தையில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டுதான் உம்மைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு வந்தேன். "சினிமாக்காரர் மாதிரி நிக்கிறீங்கள்" என்று நீர் சொன்னீர். வெட்டினது சரி. நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

என்னோடு அறையில் இருப்பவர் எரிக். கார் திருத்துகிற ஆள், ஐம்பது வயது, கழுத்து வரை பச்சை குத்தியிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு வீட்டில் இருந்தபடி குமிழ் பதித்த பெல்ட் செய்து கொடுத்தவராம். உமது கைப்பட்டி கழன்ற கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜாக்கெட் தோலா? அது தனியாக நிற்காதே!" என்றார். அடியில் தடித்த பெல்ட் தோல் ஒன்று வைத்து, ஜாக்கெட் தோலை மேலே ஒட்ட வேண்டுமாம். துளை, திருகாணியின் தடிப்பைவிடச் சிறிதாக இருக்க வேண்டுமாம். இடைவெளியை அளந்து புள்ளி வைத்த பிறகுதான் துளைக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் படமாகக் கீறித் தந்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே எங்களுக்கு ஆணி ஒன்றும் கையில் கிடையாது. பேப்பரில் மட்டும் செய்யலாம்.

லைசென்ஸ் விஷயம். பிழைகளுக்காகக் கழிக்கிற புள்ளிகள் எல்லாம் போய்விட்டன, இனி ஓட்டக்கூடாது என்று கடிதம் வந்த அன்று உமக்குச் சொல்லத்தான் வந்தேன். நீர் சாம்பவியின் பள்ளிக்கூடப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தீர். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. வண்டி ஓட்டாவிட்டால் கடையில் எனக்கு வேலை இல்லை. உமக்குத் தெரிந்தால் நீர் வண்டியைத் தொட விடமாட்டீர். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீதிமன்றத்தில் சொன்னதுதான். மழை. இருட்டிக்கொண்டு வந்த நேரம். குப்பைத்தொட்டியில் இடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

சாம்பவி சாப்பிடுகிறாளா?

ஐங்கரன்


18 பெப்ரவரி 2024

சாம்பவியின் அப்பாவுக்கு,

எரிக் சொன்னது சரி. பழைய பெல்ட் ஒன்றை அடியில் வைத்து ஒட்டினோம். இப்போது குமிழ் அசையவில்லை. சாம்பவி புள்ளி வைப்பாள், நான் துளைப்பேன், அவள் திருகுவாள். கணிதத்தில் எப்போதும் குறைந்த புள்ளி வாங்குகிற பிள்ளை, அடிமட்டம் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறாள். நான் வைத்த வரிசை ஒன்று வளைந்திருந்தது என்று முழுவதையும் கழற்றச் சொன்னாள்.

இரண்டாம் மாடியில் இருக்கும் தெரேஸ் அம்மா ஒரு சனிக்கிழமை மேலே வந்தார். சுத்தியல் சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்து, கதவைத் திறக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார். பிறகு தன் நாயைப் பார்த்தார். பிஸ்கோத் என்று பெயர், முயல் அளவுதான் இருக்கும், வெள்ளை வெளேரென்று. "இவனைப் பூங்காவில் எல்லா நாயும் மிரட்டுகிறது. இவனுக்கு ஒரு கழுத்துப்பட்டி செய்து தர முடியுமா? பயங்கரமாக இருக்க வேண்டும்" என்றார்.

செய்தோம். பின்பக்கத் திருகாணி நாயின் கழுத்தில் உரசக்கூடாது என்று உள்ளே உங்கள் ஜாக்கெட்டின் உட்பக்கப் பட்டுத் துணியை வைத்துத் தைத்தேன். இப்போது பிஸ்கோத் படியில் இறங்கும்போது ஒரு தளபதி இறங்குவது போல இருக்கிறது. சாம்பவி சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்து, அடுப்பைப் பார்க்கிற மாதிரிக் குசினிக்குள் போய்விட்டேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை அவளிடம், உன் அப்பா ஆளை அடித்துப் போட்டுவிட்டு ஓடினவராமே என்று கேட்டிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் கறுப்புத் தோலில் நாற்பது கூம்புக் குமிழ்கள் வைத்தாள். அவ்வளவையும் ஒரே கைப்பட்டியில். அதைக் கட்டிக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்டுமில்லை. ஆரும் பக்கத்தில வரேல்லை" என்றாள். தமிழில் சொன்னாள்.

சிறை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. மீதித் தண்டனையை நீங்கள் வீட்டில் கழிக்கலாமாம், எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டுகிற மின்பட்டியைக் காலில் கட்டிக்கொண்டு. வீட்டு வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருப்பதால், அதைக் கண்காணிக்கிற இயந்திரத்தை வீட்டில் பொருத்த என் கையெழுத்து வேண்டுமாம். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. இதையும் தாள் வந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கையெழுத்து வைக்கவில்லை.

மிருணாளினி


2 மார்ச் 2024

மிருணாளினிக்கு,

தாள் விஷயத்தை எழுதாதது பிழை. கேட்டால் நீர் இல்லை என்பீர் என்று பயந்தேன். கேட்காமல் இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்கிறீர்.

ஆனால் ஒன்றைச் சொல்ல விடும். நாலரை மாதமாகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்வையாளர் பெயர்களைக் கூப்பிடும்போது நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருப்பேன். எரிக்குக்கு விவாகரத்தான மனைவிகூட வருகிறா. எனக்கு ஒருவரும் வரவில்லை. பிள்ளையையாவது அனுப்பலாம். நாய்க்குப் பட்டுத்துணி வைத்துத் தைத்தீராம். வாசித்துச் சந்தோஷப்பட்டேன், சரி. எனக்கு நாலு வரிக்கு மேல் அன்பாக எழுத உமக்கு வரவில்லை.

தண்டனையைத்தான் அனுபவிக்கிறேனே. இன்னும் என்ன வேண்டும்? கையெழுத்து உமது விருப்பம்.

ஐங்கரன்


17 மார்ச் 2024

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு கிழமைக்கு மேல் யோசித்தேன். கோபத்தில் பதில் எழுதிக் கிழித்தேன். பிறகு உடுப்பு மாற்றி, வழக்குத் தாளில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன்.

இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டீர்களே. அது எனக்கும் தெரியவில்லை. நீங்கள் இடித்த அந்த மனிதரைக் கேட்டால் தெரியும் போல இருந்தது. தவரத்தினம் என்று பெயர். எங்கள் தமிழ் ஆள்தான் என்பது உங்களுக்கு வழக்கின்போதே தெரியும். அறுபத்தொரு வயது. உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. இப்போது வேலைக்குப் போக முடியாது. இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி கலாவதி அக்கா. நான் யார் என்று சொன்னதும் கதவைச் சாத்தப் பார்த்தா. உள்ளேயிருந்து அவர்தான், "ஆரது? வரட்டும் விடும்" என்றார்.

இரண்டு ஊன்றுகோலும் கதிரையில் சாய்த்திருந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, உதெல்லாம் வேண்டாம். எனக்கு ஒரு விஷயம் தெரிய வேணும். உங்கட மனுசன் வண்டியை நிப்பாட்டினவரோ?"

நிற்பாட்டவில்லை, குப்பைத்தொட்டி என்று நினைத்தாராம், நீதிமன்றத்தில் அப்படித்தான் சொன்னார் என்றேன்.

"நான் ரோட்டில கிடக்கேக்க வண்டிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு சாத்தின சத்தமும் கேட்டது. இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பீனமில்லை. டொக்டர் சொல்லுறார் தலை அடிபட்டதால வாற நினைப்பாம். இவவும் அப்பிடித்தான் சொல்லுறா. அஞ்சு மாசமா அந்தச் சத்தம் என்ர காதுக்குள்ள கேக்குது. எனக்கு மண்டை பிசகிப்போச்சுதோ எண்டு பயமாக் கிடக்கு."

கலாவதி அக்கா தேத்தண்ணி தந்தா. குடித்தேனா என்று நினைவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கதவைத் திறந்தீர்களா?

மிருணாளினி


29 மார்ச் 2024

மிருணா,

திறந்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆனது. இந்தக் கடிதத்தை இங்கே யாராவது மொழிபெயர்த்து வாசிக்கலாம். வாசிக்கட்டும்.

இடித்ததும் வண்டியை நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். ரோட்டோரம் ஓடிய தண்ணீர் சப்பாத்துக்குள் போனது. வண்டிக்குப் பின்னால் ஒரு கை தெரிந்தது. விரல்கள் நிலத்தைப் பிடிக்கப் பார்த்தன. குப்பைத்தொட்டி என்று நான் ஒரு விநாடிகூட நினைக்கவில்லை.

அவர் "ஐயோ அம்மா" என்றார்.

எனக்கு யாரிடமும் சொல்ல வராதது இதுதான். அவர் தமிழர் என்று அந்த நேரமே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் காலை உள்ளே எடுத்தேன். வேறு யாராவது என்றால் இறங்கியிருப்பேனோ தெரியாது. தமிழர் என்றால் வண்டியில் எழுதியிருக்கும் கடைப் பெயரை வாசிப்பார், நாளைக்கு லா சப்பலில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்கத் தெரிந்துவிடும், உமக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மனிதர் நிலத்தில் கிடக்கும்போது எனக்கு வந்த யோசனை அது. கதவைச் சாத்தினேன். போனேன். அடுத்த முனையில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர்கள் பார்ப்பார்கள், அம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள்தான் கூப்பிட்டார்கள். அது என் நல்லகாலம். என் நல்ல குணம் அல்ல.

வீட்டில் நீர் சாப்பாடு போட்டபோது சொல்ல வாயைத் திறந்தேன். சொதி கேட்டேன்.

சட்டத்தரணி கேட்டபோது குப்பைத்தொட்டி என்றேன். அவர் அதையே எழுதினார். பிறகு அதுவே நடந்தது போல நானும் சொல்லிப் பழகிவிட்டேன். போன கடிதத்தில் உம்மோடு சண்டை பிடித்தேனே, தண்டனையைத்தான் அனுபவிக்கிறேன் என்று. அதை எழுதும்போதே இந்தக் கை கூசியது.

அவருக்குச் சொல்லும். மண்டை பிசகவில்லை, காதில் கேட்டது உண்மை என்று சொல்லும். நீர் விரும்பினால் இந்தக் கடிதத்தையே காட்டும்.

கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஐங்கரன்


14 ஏப்ரல் 2024

ஐங்கரனுக்கு,

இன்று வருசப்பிறப்பு. சாம்பவிக்குப் பொங்கலும் வடையும் செய்து கொடுத்தேன். நான் மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடவில்லை, விரதம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உங்கள் கடிதத்தை நான் முதல் முறை நின்றபடி வாசித்தேன். இரண்டாம் முறை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். கடையில் ஒரு கலியாணப் பெண்ணின் சட்டையைத் தலைகீழாகத் தைத்துவிட்டு முழுவதையும் பிரித்தேன். உங்களை வெறுக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஒன்று. உங்களோடு பதினாறு வருசம் இருந்தும், நீங்கள் ஒளிவு இல்லாமல் எழுதிய முதல் கடிதம் இது. வெறுக்கத் தொடங்குகிற ஒவ்வொரு தடவையும் அது குறுக்கே வந்தது.

போன சனிக்கிழமை கடிதத்தைக் கொண்டு போனேன். தவரத்தினம் அண்ணை கண்ணாடி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே வாசியுங்கோ பிள்ளை" என்றார். வாசித்தேன். "ஐயோ அம்மா" வந்த இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவர் காத்திருந்தார். முடித்ததும், "கதவு திறந்த இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார். வாசித்தேன்.

அவர் கலாவதி அக்காவைப் பார்த்து, "கேட்டீரே? நான் சொன்னன்தானே" என்றார். அக்கா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதா. "ஐயோ, உங்களைப் பைத்தியக்காரன் ஆக்கிப்போட்டனே, நம்பியிருக்க வேணுமெல்லோ" என்று அழுதா. அவர் அழவில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டார். நீண்ட நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் போல இருந்தார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "மன்னிப்பைப் பற்றி இப்ப என்னட்டைக் கேக்காதேங்கோ. எனக்கு இன்னும் கோவம் இருக்கு. இனித்தான் சரியாக் கோவிக்கலாம். இவ்வளவு நாளும் என்னிலதான் எனக்குச் சந்தேகம்." அதை உங்களுக்கு அப்படியே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

புறப்படும்போது என் கையைப் பார்த்தார். சாம்பவி செய்து தந்த கைப்பட்டியைக் கழற்ற மறந்து போட்டுக்கொண்டு போயிருந்தேன். "உது என்ன பிள்ளை, கையில முள்ளு?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் நாங்களே செய்கிறோம் என்றேன். குமிழ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலைக் காட்டி, பிளாஸ்டிக் பிடி உள்ளங்கையை உரிக்கிறது, இதுக்கு ஏதும் தோல் சுத்தித் தருவீங்களோ என்றார். தருகிறேன் என்றேன். வாசல் வரை வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டார்.

"முழங்கைப் பக்கம் அந்த முள்ளுகளையும் வையுங்கோ. பஸ்ஸில சனம் தள்ளுது."

கலாவதி அக்கா, "உங்களுக்கென்ன விசரே" என்றா. அவர் சிரித்தார். நான் படியிறங்கி ரயில் நிலையம் வரும் வரை எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

தாளை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. யோசிக்கிறேன்.

மிருணாளினி


24 ஏப்ரல் 2024

மிருணா,

அவர் சிரித்தார் என்று நீர் எழுதியதை எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை. கோபம் இருக்கட்டும். அது அவருடையது. அவர் எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் சரி.

ஒன்று செய்தேன். உம்மைக் கேட்காமல் செய்தேன், ஆனால் செய்த அன்றே எழுதுகிறேன். என் விஷயத்தைப் பார்க்கிற அலுவலரிடம் போய், நீதிமன்றத்தில் நான் சொன்னது பொய், வண்டியை நிறுத்தினேன், பார்த்தேன், போனேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவ பேனாவைக் கீழே வைத்தா. "இது உங்களுக்கு உதவாது, தெரியும்தானே?" என்றா. தெரியும் என்றேன். மின்பட்டி பற்றி இந்த மாதம் நடக்க வேண்டிய விசாரணை மே மாதக் கடைசிக்குப் போய்விடுமாம். மின்பட்டி கிடைக்காமலும் போகலாம்.

எரிக் எனக்கு மண்டை கழன்றுவிட்டது என்கிறார். பிறகு ஊன்றுகோல் கதையைக் கேட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் படம் கீறினார். முழங்கையைப் பிடிக்கிற வளையம் திறந்து மூடும்போது தோல் சுருங்குமாம். வளைத்த நிலையில் வைத்து ஒட்டும்படி சொல்கிறார். கூர் இல்லாத வட்டக் குமிழ் வையும். அவருக்கே குத்திவிடக்கூடாது.

உம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பவியின் நாற்பது கூம்புக் கைப்பட்டியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிடும்.

ஐங்கரன்


லா சப்பல்
2 ஜூன் 2024

ஐங்கரன்,

நேற்று சிறையில் உங்களைப் பார்த்தபோது பாதி நேரம் இருவரும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று ரயிலில் அடுக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் மெலிந்து போயிருந்ததைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏன் பிந்தி உள்ளே வந்தேன் என்று கேட்டீர்கள். அங்கே சொல்ல வெட்கமாக இருந்தது. நான் செய்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். முப்பத்திரண்டு குமிழ். வாசலில் இருக்கிற இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. சாம்பவி போட்டிருந்த கைப்பட்டிக்கு அது இன்னும் பெரிதாகக் கத்தியது. இரண்டையும் கழற்றித் தட்டில் வைத்தோம். பரிசோதித்த பெண் காவலர் என் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டா. "என் அம்மா செய்தது" என்று சாம்பவி முந்திக்கொண்டு சொன்னாள். அவள் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒக்டோபர் முழுக்க அவள் என்னோடு ரோட்டில் நடக்கவே வெட்கப்பட்டவள். இரண்டையும் வாசலில் விட்டதால்தான் உங்களுக்குக் கைப்பட்டியைக் காட்ட முடியவில்லை. வீட்டில் காட்டுவாளாம்.

ஊன்றுகோல் வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. பிடியைச் சுற்றியது உங்கள் ஜாக்கெட்டின் முதுகுத் தோல். அது மிருதுவாகப் பழகியிருந்தது. இதை அவருக்குச் சொல்லாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். வேண்டாம் என்றால் வேறு தோலில் செய்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பிடியைப் பிடித்துப் பார்த்தார். "தோல் நல்ல தோல்தான்" என்றார். இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றிக் கூடத்தில் ஒரு சுற்று நடந்தார். முழங்கை வளையத்தில் வட்டக் குமிழ்கள், எரிக் சொன்னபடி. கலாவதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. போன கிழமை பஸ்ஸில் ஒரு பெடியன் எழுந்து இடம் விட்டானாம், ஊன்றுகோலைப் பார்த்துப் பயந்தா மரியாதையிலா தெரியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்.

நீங்கள் வந்த பிறகு அவரைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "இப்ப வேண்டாம். நான் சொல்லுறன்" என்றார். சொல்வார் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் அதையும் நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

விசாரணைக்கு நான் வருவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை. நீதிபதி என்னிடம், கணவர் உங்களிடமும் பொய் சொன்னவர், வீட்டில் வைத்திருக்கச் சம்மதமா என்று கேட்டபோது, என் பிரெஞ்சு முழுவதும் எங்கோ ஓடிவிட்டது. சம்மதம் என்ற ஒரு சொல்தான் வந்தது. இன்னொன்றும் சொல்ல நினைத்திருந்தேன். இவர் பொய் சொன்னவர்தான், ஆனால் தனக்குப் பாதகம் என்று தெரிந்தும் உண்மையைத் தானாக எழுதிக் கொடுத்தவர், அந்த மனிதரோடுதான் நான் இருக்க விரும்புகிறேன் என்று. அதை நேற்று உங்களிடமும் சொல்லவில்லை. இதோ எழுதிவிட்டேன்.

கையெழுத்து வைத்த தாளை நான் தபாலில் போட்டது மே இரண்டாம் திகதி. நீங்கள் அலுவலரிடம் எழுதிக் கொடுத்த செய்தி வந்த அன்றைக்கே. உங்களுக்கு அறிவிக்காமல் விட்டேன். கொஞ்சம் நீங்களும் காத்திருந்து பாருங்கள் என்று ஒரு பிடிவாதம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சில விஷயங்கள் இன்னும் கடினம். கோபம் சில காலைகளில் என்னோடு எழும்புகிறது. அப்போது நான் உங்களோடு கதைக்கமாட்டேன். நீங்கள் பயப்படாமல் இருங்கள், ஆனால் பகிடி விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மேசையில் பாதி இப்போது எங்கள் தோல் வேலைக்கு. சாம்பவியின் தோழிகள் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். தெரேஸ் அம்மா பிஸ்கோத்துக்கு மழைக்காலப் பட்டியும் வேண்டும் என்கிறா. உங்களுக்கு வெளியே போக அனுமதி இல்லாத நேரத்தில் துளை போடப் பழகுங்கள். எரிக்கிடம் மிச்சத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

பதினோராம் திகதி காலையில் உங்களை மின்பட்டியோடு விடும்போது சிறை வாசலுக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லியும் சாம்பவி கேட்கவில்லை, அவளும் வருகிறாள். அந்த நேரத்து ரயிலில் சனம் அதிகம். மூன்று பேருக்கும் ஒன்றாக இடம் கிடைக்காவிட்டால் அவள் எங்காவது தனியாக இருக்கட்டும். நான் உங்கள் பக்கத்தில் இருக்கிறேன்.

மிருணா